எல்பினோரின் துடுப்பு



கிரேக்கப் புராணங்கள் என்றதும் பெரிய பெயர்களே நம் காதில் விழுகின்றன. இடியைக் கையில் ஏந்திய சீயஸ், பன்னிரண்டு அருஞ்செயல்களை முடித்த ஹெர்க்குலிஸ், குதிகாலில் அம்பு பட்டு மாண்ட அக்கிலீஸ் என்று அந்த வரிசை நீளும். இன்று நான் அவர்களுள் எவரைப் பற்றியும் பேசப் போவதில்லை. கப்பலில் துடுப்பு வலித்த ஓர் இளைஞனைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அவன் பெயர் எல்பினோர். அவன் அரசன் மகன் அல்லன். தேவர்களின் வாரிசும் அல்லன். அவனைப் பாடிய ஹோமர்கூட அவனுக்கு நற்சான்று வழங்கவில்லை. கூட்டத்தில் எல்லாருக்கும் இளையவன், போரில் அத்தனை தீரமில்லாதவன், அறிவிலும் அத்தனை உறுதியில்லாதவன் என்றுதான் அவனை அறிமுகப்படுத்துகிறார். ஆயினும் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே இவனுடைய உருவத்தை ஓவியர்கள் தீட்டினார்கள். பக்கத்தில் பெயரையும் எழுதி வைத்தார்கள். அப்படி என்ன செய்துவிட்டான் இவன்? செயல் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. இறந்த பிறகு ஒரு வேண்டுகோள் விடுத்தான், அவ்வளவுதான்.

முதலில் கதையைப் பார்ப்போம். ஏறத்தாழ கி.மு. 8ஆம் நூற்றாண்டில் உருவானதாகக் கருதப்படும் 'ஒடிசி' என்ற காவியம், டிராய் நகரப் போர் முடிந்து ஊர் திரும்பும் ஒடிசியஸ் என்ற மன்னனின் கதையைச் சொல்கிறது. இதாக்கா என்ற சிறு தீவு அவன் நாடு. பன்னிரண்டு கப்பல்களோடு புறப்பட்டவனுக்கு வழியில் அழிவுக்கு மேல் அழிவு. கடைசியில் ஒரே ஒரு கப்பல் எஞ்சியது. அந்தக் கப்பல் அயாயா என்னும் தீவை அடைந்தது. அங்கே கிர்க்கி என்ற மாயக்காரி இருந்தாள். மாலுமிகளில் பாதிப் பேரைப் பன்றிகளாக மாற்றிவிட்டாள். ஒடிசியஸ் அவளை வென்று அவர்களை மீட்டான். பிறகு பகை நட்பாயிற்று. விருந்தும் மதுவுமாக ஓராண்டு அங்கேயே கழிந்தது.

புறப்படும் நாள் வந்தது. ஆனால் நேரே ஊருக்குப் போக முடியாது. முதலில் இறந்தோர் உலகத்தின் வாயிலுக்குச் சென்று, டைரீசியஸ் என்ற குருட்டு ஞானியின் ஆவியிடம் வழி கேட்க வேண்டும் என்று கிர்க்கி சொல்லிவிட்டாள். விடியற்காலையில் ஒடிசியஸ் வீடு முழுவதும் நடந்து ஒவ்வொருவராக எழுப்பினான். எல்பினோர் மட்டும் உள்ளே இல்லை. முதல் நாள் இரவு மது மிகுதியால் உடல் காந்த, காற்று வாங்கலாம் என்று மாடிக்கூரையில் போய்ப் படுத்திருந்தான். கீழே தோழர்களின் ஆரவாரமும் காலடி ஓசையும் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தான். எங்கே படுத்திருக்கிறோம் என்பது நினைவில்லை. ஏணி வழியாக இறங்க வேண்டும் என்பது தோன்றவில்லை. கூரையிலிருந்து நேரே கீழே விழுந்தான். கழுத்து முறிந்தது. உயிர் போயிற்று.

இந்தக் கதையை ஒருமுறை தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சார், அவன் செத்துப்போனது தலைவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சே விட்டுட்டுப் போயிட்டானா?" என்று கேட்டான். அன்று அவனுக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து நூலின் மொழிபெயர்ப்பை மீண்டும் புரட்டினேன். பையன் சரியான இடத்தில்தான் கையை வைத்திருந்தான்.

காவியத்தின் இக்கதைப் பகுதியை ஒடிசியஸே தன் வாயால் பிற்காலத்தில் ஓர் அரசவையில் சொல்கிறான். அங்கே அவன் தரும் விளக்கம் சுருக்கமானது. வேறு வேலை அவசரப்படுத்தியது. ஆகையால் அழுகையின்றி, அடக்கமின்றி அந்த உடலைக் கிர்க்கியின் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம் என்கிறான். அப்படியானால் தெரியும் என்றாகிறது. ஆனால் அடுத்த சில வரிகளிலேயே, எல்பினோரின் ஆவியைப் பார்த்து, கருங்கப்பலில் வந்த என்னை முந்திக்கொண்டு நீ எப்படி நடந்தே இங்கு வந்து சேர்ந்தாய் என்று வியப்போடு கேட்கிறான். அப்படியானால் தெரியாது என்றாகிறது. அறிஞர்கள் இதற்குப் பலவிதமாகச் சமாதானம் சொல்கிறார்கள். எனக்குப் படுவது இது: புறப்படும் அவசரத்தில் யாரும் தலைகளை எண்ணிப் பார்க்கவில்லை. கதையைச் சொல்லும் காலத்தில்தான் ஒடிசியஸுக்கு எல்லாம் தெரியும். தெரிந்த பின்பு அந்தக் குற்றத்தை மறைக்காமல், 'வேறு வேலை இருந்தது' என்று சொல்லிவிட்டுப் போகிறான். பெரியவர்கள் சின்னவர்களை மறந்ததற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் அதுதானே!

இனி, அந்தச் சந்திப்பு. கடலுக்கு அப்பால், கதிரவனே எட்டிப் பார்க்காத பனிமூட்டத்து நாடு. ஒடிசியஸ் தன் வாளால் ஒரு முழ நீளமும் ஒரு முழ அகலமுமாகக் குழி வெட்டுகிறான். இறந்தோருக்காகத் தேன் கலந்த பாலும், பிறகு மதுவும், பிறகு நீரும் வார்த்து, வாற்கோதுமை மாவைத் தூவுகிறான். ஆடுகளைப் பலியிட்டு இரத்தத்தைக் குழியில் விடுகிறான். ஆவிகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. அந்த இரத்தத்தைக் குடித்தால்தான் அவற்றுக்கு நினைவும் பேச்சும் திரும்பும். டைரீசியஸ் வரும்வரை வேறெவரும் நெருங்காதபடி ஒடிசியஸ் வாளை உருவிக் காவல் இருக்கிறான்.

முதலில் வந்தவன் ஞானி அல்லன், மாவீரன் அல்லன். எல்பினோர்தான் முதலில் வந்தான். அவனுக்கு மட்டும் இரத்தம் தேவைப்படவில்லை. உடல் இன்னும் அடக்கம் செய்யப்படாததால், அவன் அந்த உலகத்திற்குள் முழுமையாகச் சேரவில்லை. இந்த உலகத்திலும் இல்லை. அவனைக் கண்டதும் ஒடிசியஸின் கண்களில் நீர் பெருகிற்று.

எல்பினோர் யாரையும் குறை கூறவில்லை. ஒரு தேவதையின் கெடுதியும் அளவற்ற மதுவும் தன்னைக் கெடுத்தன என்று தன் தவற்றை ஒப்புக்கொண்டான். பிறகு ஒடிசியஸின் மனைவியையும், வளர்த்த தந்தையையும், வீட்டில் விட்டு வந்த ஒரே மகனையும் முன்னிறுத்தி ஒரு வரம் கேட்டான். கப்பல் மீண்டும் அயாயா தீவுக்குத் திரும்பும்போது தன்னை மறந்துவிடக் கூடாது. தன் உடலைத் தன் போர்க்கருவிகளோடு எரிக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அறியும்படி கடற்கரையில் ஒரு மண்மேடு எழுப்ப வேண்டும். அந்த மேட்டின்மேல், உயிரோடு இருந்தபோது தோழர்களோடு அமர்ந்து தான் வலித்த துடுப்பை நட்டு வைக்க வேண்டும்.

நேயர்களே, இந்தக் கடைசி வேண்டுகோளைச் சற்றே கவனியுங்கள். வாளையும் கேடயத்தையும் அவன் நெருப்புக்குக் கொடுத்துவிடச் சொல்கிறான். ஊர் பார்க்க நிற்க வேண்டியது துடுப்பு. தன்னை இன்னான் என்று உலகுக்குக் காட்ட அவன் தேர்ந்தெடுத்தது, நாள்தோறும் தன் உள்ளங்கையில் காய்ப்பு ஏற்படுத்திய மரத்துண்டை.

துடுப்பு என்பது அந்நாளில் பொதுச் சாமான் அன்று. பிற்காலத்து ஏதென்ஸ் நகரப் போர்க்கப்பல் ஒன்றில் 170 பேர் துடுப்பு வலித்தனர். ஒருவனுக்கு ஒரு துடுப்பு. கி.மு. 429இல் ஸ்பார்ட்டாவின் அணியினர் ஏதென்ஸின் துறைமுகத்தைத் திடீரென்று தாக்கத் திட்டமிட்டபோது, மாலுமிகள் ஒவ்வொருவரும் தத்தம் துடுப்பையும், உட்காரும் மெத்தையையும், துடுப்பைப் பிணைக்கும் தோல்வாரையும் தூக்கிக்கொண்டு கொரிந்த் நகரிலிருந்து மெகாராவுக்கு நடந்தே போனார்கள் என்று வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதியிருக்கிறார். தொழிலாளி தன் கருவியைத் தானே தோளில் சுமந்து போகிற காட்சி அது.

அடக்கம் என்பதும் கிரேக்கர்களுக்குச் சிறிய காரியம் அன்று. கி.மு. 406இல் ஆர்கினூசே தீவுகளின் அருகே நடந்த கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் உடைந்த கப்பல்களைப் பற்றிக்கொண்டு தத்தளித்தவர்களையும் இறந்தோர் உடல்களையும் மீட்காமல் திரும்பிவிட்டார்கள் என்று தளபதிகள்மேல் குற்றம் சாட்டப்பட்டது. புயல் தடுத்தது என்று அவர்கள் வாதாடினார்கள். எட்டுத் தளபதிகளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பியிருந்த ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அந்தத் தீர்ப்பு முறைப்படி நடந்ததன்று. நகர மக்களே பிறகு அதற்காக வருந்தினார்கள். ஆனாலும் அன்று அந்த மக்களுக்கு எழுந்த ஆத்திரம் எதிலிருந்து பிறந்தது என்பது விளங்குகிறது அல்லவா? கப்பல்களில் துடுப்பு வலித்தவர்களுள் பெரும்பாலோர் சொத்தில்லாத ஏழைகள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கரை சேரவில்லை.

இந்தப் பின்னணியோடுதான் நாம் ஓவியத்துக்கு வர வேண்டும். அமெரிக்காவின் போஸ்டன் நகரத்து நுண்கலை அரும்பொருளகத்தில் ஒரு மண்சாடி இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம், இரண்டு கைப்பிடிகள், அடிப்புறம் அகன்று பருத்திருக்கும். எண்ணெயோ மதுவோ ஊற்றி வைக்கும் வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ கி.மு. 440இல் ஏதென்ஸில் செய்யப்பட்டது. பின்புலம் கறுப்பாகவும் உருவங்கள் சுட்ட மண்ணின் செந்நிறமாகவும் இருக்கும் முறையில் அதில் படம் வரையப்பட்டுள்ளது.

நடுவில் ஒடிசியஸ் ஒரு பாறைமேல் அமர்ந்திருக்கிறான். ஒரு கையில் உருவிய வாள். மறு கையால் மோவாயைத் தாங்கியிருக்கிறான். காலடியில் பலியிட்ட ஆடுகள் கிடக்கின்றன, இரத்தம் சொட்டுகிறது. இடப்பக்கம் எல்பினோர். அவன் நிற்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. நிலத்துக்குள்ளிருந்து ஏறி வந்துகொண்டிருக்கிறான். கால்களின் கீழ்ப்பகுதி தெரியவில்லை. பாறையில் கைகளை ஊன்றி உடலை மேலே தூக்கப் பார்க்கிறான். அவனுக்குப் பின்னால் நாணல் தண்டுகள் மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன. ஆடையில்லாத இளைஞன் உடல். வலப்பக்கம் ஆவிகளுக்கு வழிகாட்டும் தேவனாகிய ஹெர்மிஸ் நிற்கிறான். ஹோமரின் பாட்டில் இந்தக் காட்சியில் ஹெர்மிஸ் இல்லை. ஓவியர் தாமாகச் சேர்த்தது. மூவர் பக்கத்திலும் அவரவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

இப்படத்தின் நிழற்படத்தை ஒரு கலை நூலில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆவிகளை விரட்டுவதற்காக உருவிய வாள் அது. ஆனால் அந்த வாளை வைத்திருப்பவன் விரட்டுகிறவன்போல் இல்லை. தாடையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். தன் கவனக்குறைவால் கைவிடப்பட்ட ஒருவன் எதிரே வந்து நிற்கும்போது, என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு மனிதன் உட்காரும் விதம் அதுவே. ஓவியர் அடக்கச் சடங்கை வரையவில்லை. மண்மேட்டையும் துடுப்பையும் வரையவில்லை. கேட்கிற நொடியை மட்டும் வரைந்தார். வரம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது இன்னும் தெரியாத நொடி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்பினோருக்குப் பெயர் எழுதிய அந்த ஓவியரின் உண்மைப் பெயர் நமக்குத் தெரியாது. 'லைக்காவோன் ஓவியர்' என்று இன்று வழங்குவது ஆராய்ச்சியாளர்கள் அடையாளத்துக்காக வைத்த பெயர். ஏதென்ஸின் சாடி ஓவியர்களில் மிகப் பலர் இப்படித்தான். ஆங்கிலேய அறிஞர் ஜான் பீஸ்லி (1885–1970) காது, கண், துணி மடிப்பு முதலியவற்றைக் கோடு கோடாக ஒப்பிட்டுப் பார்த்து, இன்னின்ன சாடிகள் ஒரே கைவேலை என்று வகைப்படுத்தி, பெயர் தெரியாதவர்களுக்குப் பெயர் கொடுத்தார். அது ஓர் ஆயுட்காலப் பணி.

இந்தச் சாடிக்கும் முற்பட்டது இன்னோர் ஓவியம். தாசோஸ் தீவைச் சேர்ந்த பாலிக்னோட்டஸ், கிரேக்கச் சுவரோவியர்களுள் தலைசிறந்தவர் என்று பழங்காலத்தார் போற்றியவர். டெல்ஃபி என்னும் புண்ணியத் தலத்தில், நைடஸ் நகரத்தார் கட்டிக் கொடுத்த ஒரு மண்டபத்தில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அவர் இரண்டு பெரிய சுவரோவியங்கள் தீட்டினார். ஒன்று டிராய் நகரின் வீழ்ச்சி. மற்றொன்று ஒடிசியஸ் இறந்தோர் உலகை அடைந்தது. ஓவியங்கள் அழிந்துவிட்டன. ஆனால் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற பாசானியஸ் என்ற பயணி, எந்த உருவம் எங்கே நிற்கிறது, என்ன உடுத்தியிருக்கிறது என்று பொறுமையாக எழுதி வைத்துப் போனார். அவர் புண்ணியத்தில் நமக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. அந்த ஓவியத்தில் எல்பினோர் துணி உடுத்தியிருக்கவில்லை. மாலுமிகள் வழக்கமாக அணியும் பாய்போன்ற முரட்டுப் பின்னலைப் போர்த்தியிருந்தான்.

மழைக்காலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த வரியைப் படித்தபோது ஓவியரின்மேல் தனி மதிப்பு ஏற்பட்டது. அரசர்களும் வீரர்களும் அரசிகளும் நிறைந்த சுவர் அது. அதில் இவனையும் வெள்ளாடை உடுத்தி நிறுத்தியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பாலிக்னோட்டஸ் அப்படிச் செய்யவில்லை.

இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கர் என்ற பழங்குடியினர் எல்பினோரை வேறுவிதமாகக் கண்டார்கள். அவர்கள் வெண்கலக் கண்ணாடிகளின் பின்புறத்தில் கதைக்காட்சிகளைக் கீறி வைப்பார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய ஒரு கண்ணாடி நியூயார்க் மாநகர அரும்பொருளகத்தில் உள்ளது. அதில் ஒடிசியஸோடு சேர்ந்து எல்பினோரும் ஆயுதத்தோடு கிர்க்கியை மிரட்டுகிறான். பெயரையும் தங்கள் மொழியில் 'வெல்பருன்' என்று எழுதியிருக்கிறார்கள். ஹோமரின்படி ஒடிசியஸ் தனியாகவே போனான். இவன் பன்றியாக்கப்பட்டானா, கப்பலில் இருந்தானா என்றுகூடச் சொல்லப்படவில்லை. எட்ரஸ்கர் ஏன் இவனுக்கு இந்த வீரத்தை வழங்கினார்களோ! எனக்கென்னவோ பாய் போர்த்த எல்பினோரே மெய்யானவனாகத் தோன்றுகிறான்.

அவன் கல்லறைக்கும் ஒரு வரலாறு உண்டு. ரோமாபுரிக்குத் தெற்கே இத்தாலியின் மேற்குக் கரையில் சிர்ச்சேயோ என்ற மலைமுனை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதுவே கிர்க்கி வாழ்ந்த இடம் என்று பழங்காலத்தில் நம்பினார்கள். அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃபிராஸ்டஸ், செடிகொடிகளைப் பற்றிய தம் நூலில் இம்முனையைக் குறிப்பிடுகிறார். அவ்வூர் மக்கள் எல்பினோரின் கல்லறை என்று ஓரிடத்தைக் காட்டுவார்களாம். மற்ற இடங்களில் மிர்ட்டில் என்னும் நறுமணச் செடி உயரமாக வளர, அந்தக் கல்லறைமேல் மட்டும் மாலை கட்ட உதவும் சிறு இனம் வளர்ந்திருந்ததாம். தாவரங்களை ஆராய வந்தவரின் ஏட்டில் ஒரு துடுப்புக்காரனின் சமாதி இடம் பெற்றது வேடிக்கைதான்.

ரோமாபுரியின் பெருங்கவிஞர் வெர்ஜிலும் இவனை மறக்கவில்லை. அவருடைய 'ஈனியட்' காவியத்தில், தலைவன் ஈனியஸ் குறி கேட்கப் போயிருக்கும் வேளையில், மிசேனஸ் என்ற எக்காளம் ஊதுபவன் கடற்கரையில் இறந்து கிடக்கிறான். அடக்கம் செய்யாமல் மேலே போக முடியாது என்று எச்சரிக்கப்படுகிறது. ஈனியஸ் அவனுக்கு ஒரு பெரிய சமாதி எழுப்பி, அதன்மேல் துடுப்பையும் எக்காளத்தையும் வைக்கிறான். எல்பினோரின் கதையே வேறு பெயரில் நடப்பதைக் காணலாம். நேப்பிள்ஸ் வளைகுடாவின் வடக்குப் பக்கத்து முனை இன்றும் மிசேனோ என்றே வழங்குகிறது.

ஆனால் ஈனியஸ் செய்தது ஒரு தலைவனின் ஆடம்பரம். ஹோமரின் அடக்கம் எளியது. ஒடிசியஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். இறந்தோர் உலகிலிருந்து கப்பல் அயாயாவுக்குத் திரும்பியதும், மறுநாள் விடிந்தவுடன், மற்ற எந்த வேலைக்கும் முன்பாக, கிர்க்கியின் வீட்டிலிருந்து உடலை எடுத்துவர ஆள் அனுப்பினான். கட்டைகளை வெட்டினார்கள். நிலமுனை கடலுக்குள் மிகவும் நீண்டிருந்த இடத்தில், கண்ணீரோடு சிதை அடுக்கி எரித்தார்கள். போர்க்கருவிகளும் உடன் எரிந்தன. மேடு எழுப்பி, அதன்மேல் ஒரு கல்லை இழுத்து வந்து நிறுத்தி, உச்சியில் துடுப்பை நட்டார்கள். மூல நூலில் இவ்வளவும் பத்து வரிகளுக்குள் முடிந்துவிடுகிறது. டிராயிலிருந்து புறப்பட்ட ஒடிசியஸின் மாலுமிகளுள், சிதை மூட்டி மேடு எழுப்பிப் பெயரோடு அடக்கம் செய்யப்பட்டதாக அந்நூல் சொல்வது இவன் ஒருவனைத்தான்.

ஒரு துடுப்புக் குறைந்த கப்பல் அங்கிருந்து புறப்பட்டது. அன்று கட்டை வெட்டிய தோழர்கள் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. ஸ்கில்லா என்ற அரக்கி ஆறு பேரைக் கப்பலிலிருந்தே கவ்விச் சென்றாள். மற்றவர்கள் பசி தாளாமல் கதிரவனின் மாடுகளைக் கொன்று தின்ற குற்றத்துக்காக, நடுக்கடலில் இடி விழுந்து மாண்டார்கள். அவர்களுக்கு மேடும் இல்லை, கல்லும் இல்லை. ஒடிசியஸ் மட்டும் கப்பலின் அடிமரத்தையும் பாய்மரத்தையும் சேர்த்துக் கட்டி, அதன்மேல் ஏறிக்கொண்டான். துடுப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரு கைகளாலும் கடல்நீரை வலித்துக்கொண்டே அவன் மிதந்து போனான்.